அம்மாவுக்குத் தெரிந்த சி.பி.எம்.

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு, வந்தவாசி)



ஆண்டு மலருக்குக் கவிதை எழுதித் தருபவர்கள் நம் கல்லூரியில் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். வீட்டு வேலையை, படிப்பு வேலையை மறக்காமல் எப்படி எழுதி வைத்துச் செய்வது என்பதுதான் அது. "இது ஒரு சப்ஜெக்டா?" என்று சிரிப்பீர்கள். போன வருடம் வரை நானும் சிரித்தவள்தான்.

இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்லாமல் ஆரம்பிக்க முடியாது. ஸ்காலர்ஷிப் புதுப்பிக்க வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். பார்த்தேன். கடைசித் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வருமானச் சான்றிதழ்தான் பெட்டியில் இருக்கிறதே, ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். இரண்டு நாள் முன்னால் டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தால், அது காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது! ஜாதிச் சான்றிதழ் மாதிரி அதுவும் ஆயுசுக்கும் செல்லும் என்று நினைத்திருந்தேன். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். எங்கள் வீட்டில் அதைச் சொல்லித் தர யாரும் கிடையாது. பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

ஓடினேன். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அது மேலே போய் ஒப்புதலாகி வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அந்த வருட ஸ்காலர்ஷிப் போச்சு. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். நான்தான் செய்யவில்லை.

பணம் கட்ட அப்பா, தறி முதலாளியிடம் இன்னொரு முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கின தறி என்றால் என்ன என்று நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். வேறு ஒருவர் கூலி கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று வந்தாலும் போக முடியாது. அப்பா என்னைத் திட்டவில்லை. "மறந்துட்டியாம்மா, சரி வுடு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் "மறதி" என்ற ஒன்றை ஒரு பாடமாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். லைப்ரரியில் கிடைத்ததையும், போனில் தேடிப் படித்ததையும், வீட்டில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஹோட்டல் கதை. பெர்லினில் படித்துக்கொண்டிருந்த ப்ளூமா ஸெய்கார்னிக் என்ற பெண் 1927ஆம் ஆண்டு ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். சர்வர்கள் இன்னும் பில் கட்டாத மேஜையின் ஆர்டரைத் துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பில் கட்டி முடித்ததும் மறந்துவிடுகிறார்கள் என்று அவருடைய பேராசிரியர் கவனித்ததாகவும், அதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி பிறந்ததாகவும் சொல்வார்கள். முடியாத வேலை மனதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது அவருடைய முடிவு. பிற்பாடு செய்த சோதனைகளில் எல்லா இடத்திலும் இதே மாதிரி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2011ஆம் ஆண்டு மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் இதை ஒட்டி இன்னொன்று கண்டுபிடித்தார்கள். அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டாம். எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் போட்டுவிட்டாலே அந்த நினைப்பின் தொந்தரவு குறைகிறது என்கிறார்கள். எக்ஸாம் ஹாலில் ஸ்டிரக்சுரல் பேப்பரை வைத்துக்கொண்டு, "காஸ் புக் பண்ணச் சொன்னாங்களே" என்று யோசித்த அனுபவம் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கும்.

அடுத்தது விமானம். 1935 அக்டோபர் 30ஆம் தேதி, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் ரைட் ஃபீல்டில், போயிங் கம்பெனியின் மாடல் 299 என்ற புது குண்டுவீச்சு விமானத்தைச் சோதனை செய்தார்கள். மேலே எழும்பியதும் தலைகுப்புற விழுந்து எரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் மேஜர் ஹில், அனுபவசாலி. காரணம் என்ன தெரியுமா? விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையும் பாகங்கள் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு போட்டிருப்பார்கள். அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். "இந்த விமானம் ஒரு மனிதன் ஓட்ட முடியாத அளவுக்குச் சிக்கலானது" என்று பேச்சு வந்தது. அப்போது பைலட்டுகள் இன்னும் அதிக டிரெயினிங் வேண்டும் என்று கேட்கவில்லை. கிளம்பும் முன், இறங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை ஒரு லிஸ்டாக எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்த விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

அதே யோசனையை உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு வந்தது. மொத்தம் 19 வரிகள். நோயாளியின் பெயர் சரியா, எந்த இடத்தில் ஆபரேஷன், மருந்து அலர்ஜி உண்டா, பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியா, இப்படி. எட்டு ஊர்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள், அதில் ஒன்று நம் டெல்லி. 2009 ஜனவரியில் வெளியான முடிவின்படி ஆபரேஷனுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. பெரிய பெரிய டாக்டர்களே பஞ்சை எண்ண லிஸ்ட் வைத்துக்கொள்ளும்போது, நான் சான்றிதழ் தேதியை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய திமிர்!

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மளிகை லிஸ்ட் எழுதும்போது மேலே பிள்ளையார் சுழி, முதல் வரி மஞ்சள். எங்கள் ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மஞ்சள் வீட்டில் ஒரு டப்பா இருந்தாலும் முதலில் அதைத்தான் எழுத வேண்டும். மங்களம் என்பார் ஆயா. எனக்கு என்னவோ அதில் வேறு ஒரு பலனும் தெரிகிறது. முதல் வரி எழுதுவதுதான் கஷ்டம், அது யோசிக்காமல் வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

அடுத்தது கம்பி. கீழே ஒரு கட்டை, மேலே கூராக வளைத்த கம்பி. வந்த கடிதம், கரண்ட் பில், கூட்டுறவு ரசீது எல்லாம் வந்த வரிசையில் குத்திவிடுவது. கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தேடுவது சுலபம், காற்றில் பறக்காது. இன்றைக்கும் வந்தவாசி பஜாரில் பழைய கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம்.

பிறகு, சிவகாசியில் அச்சாகி வரும் தினசரி காலண்டர். அது வெறும் தேதி மட்டுமா? ராகு காலம், எமகண்டம், அமாவாசை, முகூர்த்த நாள், கிழமை எல்லாம் ஒரே தாளில். அடுத்த வருட காலண்டர் மாதிரிகளை ஆடிப் பெருக்கு அன்றே அங்கே வெளியிட்டுவிடுவார்கள். ஐந்து மாதம் முன்னாலேயே! திட்டமிடுதல் என்றால் அதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பால் கணக்கு அந்த காலண்டர் அட்டையின் ஓரத்தில்தான் இருக்கும். அரை லிட்டருக்கு ஒரு கோடு, வாங்காத நாளுக்குச் சுழி.

எழுதி வைத்தவர்களில் நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஃபிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர். 1736இலிருந்து 1761 ஜனவரியில் சாகும் வரை, இடையில் சில இடைவெளி தவிர, டைரி எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, துணி வியாபாரம், கவர்னர் என்ன சொன்னார், யார் எந்த நேரத்தில் வந்தார்கள் என்று எல்லாம். நம் ஊரில் 1760 ஜனவரி 22ஆம் தேதி அயர் கூட் படைக்கும் லாலி படைக்கும் வந்தவாசிப் போர் நடந்தபோதும் அவர் அங்கே எழுதிக்கொண்டுதான் இருந்தார். படிப்பதற்கு இலக்கணத் தமிழ் இல்லை, பேசுகிற மாதிரியே இருக்கும். அந்த டைரி வீட்டிலேயே கிடந்து 1846இல்தான் வெளியே தெரிந்தது. இப்போது அந்தக் காலத்தைப் பற்றி யார் எழுதினாலும் அதை எடுக்காமல் எழுத முடியாது. ஆனால் டைரி என்பது நடந்ததை எழுதுவது. எனக்கு வேண்டியது நடக்க வேண்டியதை எழுதுவது. இரண்டும் வேறு என்று புரியவே எனக்கு நாள் ஆயிற்று. புது வருடத்துக்கு ஓசியில் கிடைக்கும் டைரியில் ஜனவரி பத்து வரை எழுதிவிட்டு நிறுத்துகிறோமே, அது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காலர்ஷிப் போன பிறகு ரோஷத்தில் ஒரு சார்ட் பேப்பர் வாங்கினேன். நாலு கலர் ஸ்கெட்ச் வாங்கினேன். கட்டம் போட்டு, இங்கிலீஷில் எழுதி, தறி அறைச் சுவரில் ஒட்டினேன். ட்ராயிங் கிளாஸில் கொடுத்திருந்தால் பத்துக்கு ஒன்பது கிடைத்திருக்கும். காலை ஐந்து மணிக்குப் படிப்பு, ஆறுக்கு இது, ஏழுக்கு அது. ஒரு வாரம் நடந்தது. இரண்டாவது வாரம் அது சுவருக்கு அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் அம்மா தார் சுற்றிக்கொண்டே அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி, இதுல என் வேல எங்கடி கீது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா மூணாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். இங்கிலீஷ் தெரியாது. வீட்டுத் திட்டம் என்று பெயர் வைத்து, வீட்டில் ஒரு ஆள் மட்டும் படிக்கக்கூடியதாக எழுதியிருக்கிறேன். அதில் இருந்ததெல்லாம் என் வேலை. வீட்டில் நடக்கிற வேலையில் முக்கால்வாசி அதில் இல்லவே இல்லை.

அன்று ராத்திரி அம்மாவை உட்கார வைத்து அவருடைய வேலைகளைச் சொல்லச் சொன்னேன். "சொல்றதுக்கு இன்னா இருக்குது, எப்பவும் செய்றதுதான்" என்றார். விடாமல் கேட்டேன். தண்ணீர் பிடிப்பது, பால் வாங்குவது, அடுப்பு, பாத்திரம், ஆயாவுக்கு பிரஷர் மாத்திரை, துணி, தார் சுற்றுவது, அப்பா சாப்பிடப் போகும்போது தறியில் உட்காருவது, ரேஷன், மகளிர் குழுக் கடன் தவணை, சீட்டுப் பணம், தம்பி பள்ளிக்கூட மீட்டிங்... எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. இத்தனைக்கும் அம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. குழுப் பணத்துக்கு மட்டும் புடவை முந்தியில் ஒரு முடிச்சு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் முதல் முறையாக நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழித்தது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88 என்று வந்தது. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆண் நண்பர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடாமல் இருந்தால் சந்தோஷம்.

இப்போது பாடத்துக்கு வருவோம். மூன்றாம் ஆண்டில் சி.பி.எம்., பெர்ட் படிக்கிறோம். நிறைய பேர் அதை வட்டமும் அம்புக்குறியுமாக மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டூபான்ட் என்ற ரசாயனக் கம்பெனி 1957 வாக்கில் தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிட சி.பி.எம்.மை உருவாக்கியது. அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு பெர்ட்டைக் கொண்டு வந்தது. அதற்கும் முன்னால் 1910களில் ஹென்றி கான்ட் போட்ட பட்டை வரைபடம் இருக்கிறது. சிவில் சைட்டில் சுவரில் தொங்குவது பெரும்பாலும் அதுதான். இவையெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று நினைத்தேன். ஒருநாள் எங்கள் குழித்தறியை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பாவில் மூன்று சேலை. வேலைகள் இப்படி:

ஆரணி போய் சாயம் போட்ட பட்டும் ஜரிகையும் வாங்கி வருவது ஒரு நாள். பாவு தயார் செய்வது ஒரு நாள். பிணைப்பது ஒரு நாள். (நெசவு தெரியாதவர்களுக்கு: பழைய பாவின் கடைசி இழைகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கான இழை. அதற்கென்றே கை பழகினவர்கள் இருக்கிறார்கள், எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வருவார்.) பிறகு நெய்வது, சேலைக்கு ஐந்து நாள் வீதம் பதினைந்து நாள். இது ஒரு வரிசை. மொத்தம் பதினெட்டு நாள்.

இதற்குப் பக்கத்தில் இரண்டு சின்ன வேலை. பட்டு வந்த பிறகு ஊடைக்கு ஆரம்பத் தார் சுற்றி வைப்பது ஒரு நாள். டிசைன் மாறினால் ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாற்றுவது அரை நாள்.

இப்போது பாருங்கள். தார் சுற்றுவது ஆயா வேலை. பட்டு வந்த மறுநாளிலிருந்து நெசவு ஆரம்பிப்பதற்குள் இரண்டு நாள் இருக்கிறது, வேலை ஒரு நாள்தான். ஆகவே ஆயாவுக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றாலும் சேலை தள்ளிப்போகாது. இதைத்தான் நாம் ஃப்ளோட் என்று படிக்கிறோம். அட்டை மாற்றுவதற்கு இரண்டரை நாள் ஃப்ளோட். ஆனால் பிணைக்கிற அண்ணன் ஒரு நாள் வராவிட்டால்? பதினெட்டு பத்தொன்பது ஆகிவிடும். பட்டு, பாவு, பிணைப்பு, நெசவு, இந்த வரிசையில் எங்கேயும் ஒரு நாள்கூடத் தளர்வு இல்லை. இதுதான் கிரிட்டிக்கல் பாத்.

இந்த நெட்வொர்க்கைப் போட்டு அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "பிணைக்கிற அண்ணனுக்குத்தான் முன்னாடியே சொல்லி வைக்கணும், மத்ததெல்லாம் முன்னே பின்னே ஆனா பரவால்ல" என்று விளக்கினேன். அம்மா சிரித்துவிட்டார். "அதான் கடைசி சேல முந்தி புடிக்கும்போதே போய்ச் சொல்லிட்டு வரேனே, இது தெரியாதா?" என்றார். உண்மைதான். முந்தி ஆரம்பித்த அன்று சாயங்காலம் அம்மா அந்த வீட்டுக்குப் போய் வருவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏதோ ஊர்க் கதை பேசப் போகிறார் என்று நினைத்திருந்தேன்!

சி.பி.எம்.மில் கிராஷிங் என்று ஒரு பகுதி உண்டு. பணம் கூடச் செலவழித்து நாளைக் குறைப்பது. தீபாவளி ஆர்டருக்கு இரண்டு பேரை வைத்துப் பிணைத்தால் அரை நாள் மிச்சம், ஆனால் கூலி இரண்டு பேருக்கு. ராத்திரி லைட் போட்டு நெய்தாலும் நாள் குறையும், ஆனால் இழை விட்டுப்போனது தெரியாமல் ஓடிவிட்டால் சேலைக்கே கூலி பிடிப்பார்கள். எந்த வேலையைக் கிராஷ் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் புத்தகத்தில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு போட முடியாது. அந்த மாதங்களில் பதினெட்டு நாள் என்று சொல்வதே பொய். அம்மா முதலாளியிடம் எப்போதும் மூன்று நாள் சேர்த்துத்தான் சொல்வார். அதையும் நான் பொய் என்று நினைத்திருந்தேன்.

இதே முறையில் என் ஸ்காலர்ஷிப்பைப் போட்டுப் பார்த்தேன். வருமானச் சான்றிதழ் வாங்குவது, பேங்க் பாஸ்புக் சரிபார்ப்பது, போனபைடு வாங்குவது, ஜெராக்ஸ், கையெழுத்து. மற்ற எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். சான்றிதழ் ஒன்றுதான் நம் கையில் இல்லாத வேலை. அதுதான் கிரிட்டிக்கல். நான் அந்தப் பதினெட்டு நாளில் முதல் நாள் பெட்டியைத் திறந்திருந்தால் போதும். கடைசித் தேதியை மட்டும் எழுதி வைத்தால் பிரயோஜனம் இல்லை. அடுத்தவர் கையில் இருக்கிற வேலை எது என்று பார்த்து, அதை எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்ற தேதியைத்தான் எழுத வேண்டும். ஜூனியர்கள் இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளவும்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது சார்ட் பேப்பர் இல்லை. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். பென்சில் ஒன்று நூலில் கட்டித் தொங்குகிறது (தார் குச்சியில் மிஞ்சின பட்டு நூல்தான், அப்பாவிடம் திட்டு வாங்கினேன்). தாளில் நாலு கட்டம். முதல் கட்டம் தினமும் செய்வது. இரண்டாவது இந்த வாரம். மூன்றாவது தேதி உள்ளவை: குழுப் பணம், கரண்ட் பில், என் எக்ஸாம் ஃபீஸ், தம்பிக்கு ஃபீஸ். நாலாவது "கேட்கணும்" என்ற கட்டம். யாரிடமாவது போய்க் கேட்க வேண்டியதெல்லாம் அதில். முதல் தலைமுறையாகப் படிக்கிற வீட்டில் இந்த நாலாவது கட்டம்தான் பெரியது. லேட்டரல் என்ட்ரிக்கு என்ன சான்றிதழ் வேண்டும், முதல் பட்டதாரி சான்றிதழ் எப்போது வாங்குவது, இதெல்லாம் மற்ற வீடுகளில் சித்தப்பா, மாமா சொல்லிவிடுவார்கள். நமக்குக் கேட்டால்தான் தெரியும். வெட்கப்பட்டு மனதில் வைத்துக்கொண்டால் மறந்து போகிறது. எழுதி வைத்தால் ஒரு நாளாவது கேட்டுவிடுகிறோம்.

எல்லா வரிக்கும் பக்கத்தில் சின்னப் படம் உண்டு. பல்பு படம் போட்டால் கரண்ட் பில். சிலிண்டர். மாத்திரை. வட்டமாக நாலு தலை போட்டால் மகளிர் குழு. ஆயாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் மாத்திரை படத்துக்கு நேரே காலையிலும் ராத்திரியிலும் கோடு போடுவது அவர் வேலை. முன்பெல்லாம் "போட்டேனா, போடலியா" என்று சந்தேகத்தில் சில நாள் இரண்டு முறை போட்டுவிடுவார், சில நாள் விட்டுவிடுவார். ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள். இப்போது கோட்டைப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஒரு பலனுக்காகவே அந்தத் தாள் சுவரில் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பெயர் எழுதுகிற வழக்கம் சண்டையில் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் யார் என்று முதல் எழுத்துப் போட்டோம். தாள் முழுக்க "அ", "அ", "அ". அது அப்பாவுக்கும் பொருந்தும் அம்மாவுக்கும் பொருந்தும் என்று தம்பி கிண்டல் செய்தான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி இனிமே அவன் புடிக்கட்டும், ரேஷனுக்கு நான் போறேன்" என்றார். தம்பி மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டும். ரேஷனுக்கு அப்பா இரண்டு மாதம் போனார், மூன்றாவது மாதம் தறி அவசரம் என்று மறுபடி அம்மா. தண்ணீர் மட்டும் தம்பி பிடிக்கிறான். முப்பத்தொன்றில் இப்போது அம்மாவிடம் இருபத்து நாலு. மூன்று என்னிடம் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"போனில் ரிமைண்டர் வைத்தால் போதாதா?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். உங்களுக்கென்று தனி போன் இருந்தால் வையுங்கள். எங்கள் வீட்டில் நல்ல போன் ஒன்று, அது அப்பா சட்டைப் பையில். அவர் முதலாளி வீட்டில் இருக்கும்போது அங்கே "ஆயா மாத்திரை" என்று மணி அடித்தால் யாருக்கு என்ன லாபம்? சுவரில் இருந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும். பக்கத்து வீட்டு அக்காகூட ஒருநாள் வந்து, "இன்னைக்கு குழு நாளு, ஒங்கம்மா எங்க?" என்று தாளைப் பார்த்துச் சொன்னார்.

சரிப்பட்டு வராததையும் சொல்ல வேண்டும். மணி கணக்கில் திட்டம் போட்டது ஒருநாளும் நடக்கவில்லை. தறி வீட்டில் இழை அறுந்தால் அந்த மணி போச்சு. "காலை, மத்தியானம், விளக்கு வச்ச பிறகு" என்று மூன்றாகப் பிரித்ததுதான் நிலைத்தது. என் ரெக்கார்டு நோட்டு வேலை விளக்கு வைத்த பிறகு, தறிச் சத்தம் நின்ற பிறகு. ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதியதும் தவறு. ஆறு தாண்டினால் மறுநாளுக்குத் தள்ளுகிறேன். ஞாயிறு காலை ஆயா மளிகை சொல்லும்போது பழைய தாளைப் பார்த்து, முடியாததை மட்டும் புதுத் தாளுக்கு மாற்றி எழுதுகிறோம். மூன்று வாரம் தொடர்ந்து மாற்றி எழுதிய வரி இருந்தால் அதைச் செய்யப்போவதில்லை என்று அர்த்தம், அடித்துவிடலாம். "பரண் சுத்தம் செய்வது" என்ற வரியை அப்படி நாங்கள் ஏழு வாரம் எழுதினோம். பரண் அப்படியேதான் இருக்கிறது.

போன செமஸ்டரில் எக்ஸாம் ஃபீஸ் முதல் நாளே கட்டினேன். வருமானச் சான்றிதழ் புதுசு பெட்டியில் இருக்கிறது, அது முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முந்தின தேதி தாளின் மேல் மூலையில். அப்பாவின் முன்பணத்தில் பாதி கழிந்திருக்கிறது. மீதி தைக்குள் கழிந்துவிடும் என்று மூன்றாவது கட்டத்தில் அம்மா எழுத்துக் கூட்டி அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் என்ன படம் போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, இன்னும் போடவில்லை.

நாலு கட்டத் தாளின் மாதிரி வேண்டுபவர்கள் மதிய இடைவேளையில் சிவில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னைக் கேட்கலாம். பழைய காலண்டர் மட்டும் நீங்களே கொண்டு வரவும்.